தொடக்கப்பள்ளியில புள்ளைங்கள பாதுகாக்கறது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புது டீச்சருங்களுக்கும் எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) பெற்றோருக்கும் முழு வழிகாட்டி

புதுசா ஜாயின் பண்ற டீச்சருங்களும் சரி, எஸ்எம்சிக்கு புதுசா வர்ற அம்மாங்களும் சரி, முதல்ல கேக்கறது இததான்: "ஒரு புள்ள வந்து நம்மகிட்ட ஏதாச்சும் சொல்லிட்டா என்ன பண்றது?" அதுக்கு பதில் கீழ 7வது படியில இருக்கு, ஆனா நேரா அங்க போயிடாதீங்க. அதுக்கு முன்னாடி செஞ்சு வெக்க வேண்டிய வேலை இருக்கு, அத செய்யாத ஸ்கூல்ல புள்ள யார்கிட்டயும் வந்து சொல்லாது, சொன்னாலும் பெரியவங்க பதறிப்போய் தப்பான ஆளுக்கு முதல் போன் போட்டுருவாங்க. வரிசை முக்கியம்ங்க, அதனாலதான் ஒவ்வொன்னுக்கும் ஏன்னு காரணமும் சேத்து எழுதறேன்.

1. முதல் வாரத்துலயே கையில இருக்க வேண்டியது

ஒரு பக்கத்துல இந்த நம்பருங்கள எழுதி ஹெச்எம் ரூம்லயும் உங்க போன்லயும் வெச்சுக்குங்க: 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக்கல்வித்துறை உதவி எண், 112 அவசரம். இதுங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாதது உள்ளூர் நம்பருங்கதான், அதாவது உங்க ஏரியாவுக்கு வர்ற அனைத்து மகளிர் காவல் நிலையம் எது, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு நம்பர் என்ன, பாதுகாப்பு தேவைப்படற புள்ளைங்க விஷயத்துல முடிவெடுக்கற குழந்தைகள் நலக் குழு எங்க உக்காருது, பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ், பக்கத்து ஜிஹெச். இத பேப்பர்ல எழுதறதோட விடாம ஒருதடவ போன் போட்டு எடுக்கறாங்களான்னு பாருங்க. பழைய நம்பர செவுத்துல ஒட்டி வெச்சிருக்கற ஸ்கூல் எவ்ளோ பாத்துட்டேன்.

அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப்பக்கம் இருக்கறவங்க இன்னொன்னும் பாத்து வெக்கணும், ஸ்கூல்ல எந்த எடத்துல நின்னா டவர் கிடைக்குது, கிடைக்கலன்னா பக்கத்துல யார் வீட்ல கிடைக்குதுன்னு. அவசரத்துல அத தேடிட்டு இருக்க முடியாது.

அப்புறம், புள்ளைங்ககிட்ட பாத்ததையும் கேட்டதையும் எழுதி வெக்க ஒரு நோட்டு. பைண்டிங் போட்டதா, பக்கத்துக்கு நம்பர் போட்டதா இருக்கட்டும், ஏன்னா தாள் கிழிச்சா தெரிஞ்சுரும். பீரோல பூட்டி வெக்கணும், டேபிள் மேல கிடக்கக்கூடாது.

2. பொறுப்பு யாருதுன்னு பேர் சொல்லி முடிவு பண்ணுங்க

"எல்லாரும் பாத்துக்குவோம்"னு சொன்னா யாரும் பாக்கமாட்டாங்க. ஒரு டீச்சர், அவங்க லீவுல இருந்தா இன்னொருத்தர். நம்ம பக்கம் ஈராசிரியர் பள்ளி நிறைய, ஒருத்தர் ட்ரெய்னிங் போயிட்டா ஒருத்தர்தான் மிச்சம், அதனால ரெண்டாவது ஆளா எஸ்எம்சில இருக்கற ஒரு அம்மாவ வெச்சுக்கலாம். எஸ்எம்சில நாலுல மூணு பங்கு பெற்றோரா இருக்கணும், மொத்தத்துல பாதி பேர் பெண்களா இருக்கணும்னு கல்வி உரிமை சட்டமே சொல்லுது, அதனால ஆள் இல்லன்னு சொல்ல முடியாது.

ஹெச்எம் மேலயே புகார் வந்தா யாருக்கு போறதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. சங்கடமா இருக்கும், ஆனா புகார் வந்தப்புறம் இத பேசவே முடியாது. அந்த மாதிரி நேரத்துல அவர் வழியா போக வேண்டிய அவசியமே இல்ல, நேரா போலீஸ், 1098.

சத்துணவு அக்கா, காலை உணவு சமைக்கற மகளிர் குழு அக்கா, தூய்மைப் பணி ஆயாம்மா இவங்கள விட்டுராதீங்க. காலைல புள்ளைங்கள முதல்ல பாக்கறது இவங்கதான், எந்த புள்ள நேத்து ராத்திரியும் சாப்பிடாம வந்திருக்கு, எது தட்ட தள்ளி வெக்குதுன்னு நமக்கு முன்னாடி அவங்களுக்கு தெரியும். பாத்தா யார்கிட்ட சொல்லணும்னு மட்டும் அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டாங்க.

3. ஸ்கூல ஒரு சுத்து சுத்தி வாங்க

மூணு நேரத்துல சுத்துங்க: காலைல பெல்லுக்கு முன்னாடி, இன்டர்வெல், சாயங்காலம் விட்டப்புறம். ஒரே நேரத்துல பாத்தா ஒன்னும் தெரியாது, பத்து மணிக்கு ஜேஜேன்னு இருக்கற இடம் நாலரைக்கு ஆளில்லாம கிடக்கும்.

பாத்ரூம் தாழ்ப்பாள் புள்ள கைக்கு எட்டணும், உள்ள மாட்டிக்கிட்டா வெளிய இருந்து பெரியவங்க திறக்கற மாதிரியும் இருக்கணும். சமையல் ஷெட்டுக்கு பின்னாடி, பழைய இடிக்காத கட்டடம், வாட்டர் டேங்க் சந்து, இந்த மாதிரி யார் கண்ணுக்கும் படாத மூலைய எழுதிக்குங்க. பூட்ட முடிஞ்சா பூட்டுங்க, முடியாதுன்னா இன்டர்வெல்ல யாராச்சும் ஒருத்தர் அங்க நிக்கட்டும்.

காம்பவுண்டுக்கு வெளியயும் ஒரு அரை கிலோமீட்டர் நடங்க. நம்ம மாவட்டத்துல தடுப்பு சுவர் இல்லாத கிணறும் பண்ணைக்குட்டையும் வழியெல்லாம் இருக்கு, மழைக்கு அப்புறம் ரொம்பி நிக்கும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் யானை வர்ற வழியும் இருக்கு. எஸ்எம்சி கூட்டத்துல தீர்மானமா எழுதி பஞ்சாயத்துக்கு குடுங்க, வாய்ல சொன்னா நிக்காது.

4. வெளியாளுங்கள எப்படி உள்ள விடறது

கராத்தே மாஸ்டர், டிரஸ்ட்ல இருந்து நோட்டு குடுக்க வர்றவங்க, போட்டோ எடுக்கறவங்க, முகாம் நடத்தறோம்னு வர்றவங்க. யாரா இருந்தாலும் மூணு விஷயம்: லெட்டர் வாங்குங்க, அந்த லெட்டர்ல இருக்கற நம்பருக்கு இல்லாம நீங்களா விசாரிச்சு எடுத்த ஆபீஸ் நம்பருக்கு கூப்பிட்டு உறுதிப்படுத்துங்க, எந்த நேரத்துலயும் புள்ளைங்களோட தனியா விடாதீங்க.

இது ஏன் இவ்ளோ கண்டிப்புன்னு கேக்கறவங்களுக்கு: 2024ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துலயே ஒரு தனியார் பள்ளியில என்சிசி முகாம்னு பேர் சொல்லி போலியா ஒன்னு நடந்துச்சு, அதுல ஒரு சிறுமிக்கு கொடுமை நடந்துச்சு, விஷயம் தெரிஞ்சும் போலீஸுக்கு சொல்லலன்னு பள்ளி தரப்புலயும் கைது பண்ணாங்க. என்சிசி ஆபீஸுக்கு ஒரே ஒரு போன் போட்டு கேட்டிருந்தா அது போலின்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

தெரிஞ்ச ஆள், நம்ம ஊர்க்காரர், தலைவரு சொந்தம், இதெல்லாம் விதிவிலக்கு கிடையாது. புள்ளைக்கு தொந்தரவு குடுக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க புள்ளைக்கு ஏற்கனவே தெரிஞ்சவங்கதான்.

5. புள்ளைய யார் கூட்டிட்டு போறாங்க, வீட்ல யார் இருக்காங்க

அட்மிஷன் ரெஜிஸ்டர்ல அப்பா பேர், அம்மா பேர் இருக்கும். நிஜத்துல அப்பாவும் அம்மாவும் பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயிருப்பாங்க, புள்ள பாட்டிகிட்ட இருக்கும், இல்ல சித்தப்பா வீட்ல இருக்கும். அதனால தனியா ஒரு பட்டியல் போடுங்க: இப்ப யார் வீட்ல இருக்கு, ராத்திரி எங்க தூங்குது, சாயங்காலம் யார் கூட்டிட்டு போறாங்க, அவங்க போன் நம்பர். ஜூன்ல ஒருதடவ, பொங்கல் முடிஞ்சு ஒருதடவ மாத்துங்க, ஏன்னா பொங்கலுக்கு ஊருக்கு வந்துட்டு திரும்பி போறப்பதான் புள்ளைங்க வீடு மாறும்.

பட்டியல்ல இல்லாத ஆள் வந்து "பாட்டிக்கு உடம்பு சரியில்ல, அனுப்புங்க"ன்னா போன் போட்டு கேட்டுட்டுதான் அனுப்பணும், கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

ஆட்டோவும் வேனும் இதுல சேரும். டிரைவர் யாரு, கடைசியா இறங்கற புள்ள எது, அந்த கடைசி பத்து நிமிஷம் வண்டியில வேற யார் இருக்காங்கன்னு கேளுங்க. கடைசி புள்ளையும் டிரைவரும் மட்டும்னா ரூட்ட மாத்தி ரெண்டு புள்ளைங்க சேந்து இறங்கற மாதிரி பண்ணுங்க.

6. புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கறது, கூடவே கவனிக்கறது

இத 6வதா வெச்சதுக்கு காரணம் இருக்கு. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்னு ஒரு கிளாஸ் எடுத்தீங்கன்னா அடுத்த நாளே ஒரு புள்ள வந்து சொல்லலாம், அத வாங்கிக்க நீங்க தயாரா இல்லன்னா அந்த கிளாஸ எடுக்கறதுல அர்த்தமே இல்ல.

சொல்லிக்குடுக்கறப்ப உடம்பு பாகத்துக்கு பேர் சொல்லி பேசுங்க. "அங்க, இங்க"ன்னா பின்னாடி புள்ளையால விவரமா சொல்ல முடியாது. வேண்டாம்னு சத்தமா சொல்லு, அங்கிருந்து ஓடிவா, நம்பற ஒருத்தர்கிட்ட சொல்லு, அவங்க நம்பலன்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லு. இந்த கடைசி வாக்கியத்த விட்டுடாதீங்க. பையன்களுக்கும் இதே பாடம்தான், புள்ளைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் 18 வயசுக்கு கீழ ஆணு பொண்ணுன்னு பிரிச்சு பாக்கறதில்ல. "உன்னால ஓட முடியலன்னாலும் தப்பு உன்னுது இல்ல"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க, ஏன்னா தப்பிக்க முடியாத புள்ள மேலதான் குத்த உணர்ச்சி உக்காந்துக்கும்.

ஓசூர், வேப்பனப்பள்ளி, தளி பக்கம் வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசற புள்ளைங்க நிறைய. ஸ்கூல்ல தமிழ்ல நல்லா பேசற புள்ளகூட பயந்துட்டா வீட்டு பாஷையிலதான் பேசும். அந்த பாஷை தெரிஞ்ச ஒரு நம்பிக்கையான அம்மாவ முன்னாடியே பாத்து வெச்சுக்குங்க, ஆனா புள்ளைக்கு சொந்தக்காரங்களா இருக்கக்கூடாது.

கவனிக்கறது தனி வேலை. நல்லா பேசின புள்ள திடீர்னு பேசாம இருக்கறது, ஒருத்தர பாத்தா மட்டும் ஒதுங்கறது, உக்கார கஷ்டப்படறது, பாத்ரூம் போக பயப்படறது, ரெண்டாவது படிக்கறப்ப மறுபடி துணியிலயே ஒன்னுக்கு போறது, திங்கக்கிழமை மட்டும் லீவு, விட்டப்புறமும் வீட்டுக்கு போகாம சுத்தி சுத்தி வர்றது. இதுல ஒன்ன மட்டும் வெச்சு ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. ஆனா எழுதி வெக்கணும், ஏன்னா மூணு வாரம் எழுதினாதான் அது ஒரு வரிசையா கண்ணுக்கு தெரியும்.

எழுதறதுலதான் புதுசா வர்றவங்க தடுமாறறாங்க. "வீட்ல கொடுமை போல, பாவம்"னு எழுதினா அது உங்க கருத்து. இப்படி எழுதுங்க: "செவ்வாய் காலை 9.20. இடது முழங்கைக்கு மேல ரெண்டு நீளமான சிவந்த தழும்பு. கேட்டதுக்கு 'மாமா ஒயர்ல அடிச்சாரு'ன்னு சொன்னா. காலை சாப்பாடு வேண்டாம்னுட்டா." பாத்தது, கேட்டது, நேரம், உங்க கையெழுத்து. அவ்ளோதான்.

7. புள்ள வந்து சொல்றப்ப

பெரும்பாலும் நேரா சொல்லாது. "டீச்சர், நான் இனிமே வேன்ல வரமாட்டேன்"னு ஆரம்பிக்கும். நாம அவசரத்துல "ஏன், நடந்தா கால் வலிக்காதா, போ போய் உக்காரு"ன்னுட்டா விஷயம் அங்கயே முடிஞ்சது, அந்த புள்ள மறுபடி வாய திறக்க மாசக்கணக்கு ஆகலாம். கையில இருக்கற வேலைய வெச்சுட்டு புள்ள உயரத்துக்கு உக்காருங்க. மத்தவங்க காதுல விழாத, ஆனா கதவு திறந்திருக்கற எடமா இருக்கட்டும்.

"அப்படியா கண்ணு, சொல்லு." அப்புறம் பேசாம இருங்க. அந்த அமைதிய தாங்கறதுதான் கஷ்டம், நாமளே பேசி ரொப்பிருவோம். "அந்த அண்ணன் என்னைய எப்பவும் மடியிலயே உக்கார வெக்கறாரு"ன்னு சொன்னா, அடுத்து நீங்க கேக்கலாம்: "அப்புறம் என்ன ஆச்சு?" இது மாதிரி திறந்த கேள்வி ஒன்னு ரெண்டு போதும். "அவர் அங்க கைய வெச்சாரா?"ன்னு கேக்கவே கூடாது, ஏன்னா பதில நீங்களே புள்ள வாய்ல வெச்சதா பின்னாடி கோர்ட்ல கேள்வி வரும், புள்ளையும் நீங்க எதிர்பாக்கற பதில சொல்ல பாக்கும்.

"ஏன் முன்னாடியே சொல்லல", "நிஜமாவா", "அவரு நல்லவராச்சே", இந்த மூணும் வாய்ல வரக்கூடாது. அழாதீங்க, கோவத்துல கத்தாதீங்க, புள்ள உங்க மூஞ்சிய பாத்துட்டுதான் மிச்சத்த சொல்லலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு கேக்கும். பண்ணாதீங்க. "உன்ன பாத்துக்கறதுக்கு யாருக்கு தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்றேன், கிளாஸ்ல யாருக்கும் தெரியாது"ன்னு சொல்லுங்க, அதுதான் உண்மை. கடைசியா "நீ சொன்னது சரி, தப்பு உன்னுது இல்ல".

இதுக்கு மேல விசாரிக்கறது நம்ம வேலை இல்ல. ஹெச்எம் ஒருதடவ, இன்னொரு டீச்சர் ஒருதடவ, எஸ்எம்சி தலைவி ஒருதடவன்னு திரும்ப திரும்ப சொல்ல வெக்கறது பெரிய கொடுமை. யார்கிட்ட முதல்ல சொல்லுச்சோ அவங்களோட நிறுத்துங்க. குற்றம்சாட்டப்பட்ட ஆள கூப்பிட்டு புள்ள முன்னாடி கேக்கறது அதவிட மோசம்.

சமீபத்துல நடந்ததுன்னு தெரிஞ்சா குளிக்க வெக்காதீங்க, துணி மாத்தாதீங்க, மாத்தியே ஆகணும்னா அந்த துணிய துவைக்காம பேப்பர் கவர்ல எடுத்து வைங்க. ரத்தமோ வலியோ இருந்தா முதல்ல ஆஸ்பத்திரி. போலீஸ் லெட்டர் இருந்தாதான் பாப்போம்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாதுன்னு போக்சோ விதியிலயே இருக்கு, அத அங்க நின்னு சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

8. அன்னிக்கே சொல்லணும், யாருக்கு சொல்லணும்

புள்ள சொன்னத புள்ள வார்த்தையிலயே உடனே எழுதுங்க, தமிழாசிரியர் மாதிரி திருத்தாதீங்க. தெலுங்குல சொல்லியிருந்தா தெலுங்கு வார்த்தையே இருக்கட்டும், தமிழ் எழுத்துல எழுதலாம்.

பாலியல் சம்பந்தமா இருந்தா போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் போலீஸுக்கு சொல்லியே ஆகணும். ஆதாரம் வேணும்னு அவசியம் இல்ல, நடக்கப் போகுதுங்கற பயம் இருந்தாலே சொல்லணும். சொல்லலன்னா பிரிவு 21ல 6 மாசம் வரைக்கும் தண்டனை, தனக்கு கீழ வேலை செய்யறவர் பண்ணத மறைச்ச நிறுவனப் பொறுப்பாளருக்கு 1 வருஷம் வரைக்கும். நல்லெண்ணத்துல சொல்லி அது பின்னாடி நிரூபணம் ஆகலன்னா உங்க மேல ஒன்னும் வராது, அதுக்கும் சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு.

1098க்கு கூப்பிட்டேன், பிஇஓவுக்கு சொல்லிட்டேன்னு நிறுத்திக்காதீங்க. ரெண்டுமே பண்ணுங்க, ஆனா போலீஸுக்கு எழுத்துல குடுத்து ரசீது வாங்கறது தனி. மகளிர் காவல் நிலையம் தூரமா இருந்தா பக்கத்து ஸ்டேஷன்லயே குடுக்கலாம். ஹெச்எம் அனுமதிக்கு காத்திருக்கணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல.

பெற்றோருக்கு எப்ப சொல்றது? தொந்தரவு குடுத்தது வெளியாளா இருந்தா உடனே, நேர்ல, போன்ல வேண்டாம். வீட்டு ஆள் மேலயே சந்தேகம் இருந்தா வீட்டுக்கு சொல்றதுக்கு முன்னாடி போலீஸ், 1098 ரெண்டும் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா சாயங்காலம் புள்ள வீட்டுக்கு போனதும் வாய அடைச்சுருவாங்க.

அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பெற்றோருக்கு தைரியம் சொல்ல முடியும். வாக்குமூலம் புள்ள வீட்லயோ அதுக்கு பிடிச்ச எடத்துலயோ எடுக்கணும், முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்ஐ, யூனிபார்ம் போடாம வரணும், ராத்திரி புள்ளைய ஸ்டேஷன்ல வெக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கு தெரிவிக்கணும். பொண்ணு புள்ளைக்கு மருத்துவ பரிசோதனை பெண் டாக்டர்தான் பண்ணணும், அப்பா அம்மாவோ புள்ள நம்பற ஒருத்தரோ கூட இருக்கலாம்.

அடி, பட்டினி, வேலைக்கு அனுப்பறது, அஞ்சாவது படிக்கற புள்ளையோட அக்காவுக்கு கல்யாண ஏற்பாடு, இதெல்லாம் காதுல விழுந்தா 1098தான் முதல் போன். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் குழந்தை திருமணம் இன்னும் நிக்கல, தங்கச்சிங்கதான் கிளாஸ்ல "எங்க அக்காவுக்கு அடுத்த வாரம் கல்யாணம்"னு சந்தோஷமா சொல்லிட்டு போகும். அக்கா வயசு என்னன்னு கேளுங்க.

9. "இங்கயே பேசி முடிச்சுக்கலாம்"

இந்த வரிய கண்டிப்பா கேப்பீங்க. ஊர் பெரியவங்க வருவாங்க, ஸ்கூல் பேர் கெட்டுப்போயிரும், பொண்ணு வாழ்க்கை போயிரும், அவன் புள்ளகுட்டிக்காரன்னு வரிசையா வரும். சில சமயம் புள்ளையோட அப்பாவே வேண்டாம்பாரு, அவர் பயம் நியாயமானது, அவர்மேல கோவப்படாதீங்க. ஆனா போக்சோ குற்றம் சமாதானம் பேசி முடிக்கற விஷயம் கிடையாது. வாக்குவாதம் பண்ணாம ஒரே வரி சொல்லுங்க: "அண்ணா, சொல்லலன்னா நான் ஜெயிலுக்கு போகணும், ஏற்கனவே குடுத்தாச்சு." அதனாலதான் 8வது படிய அன்னிக்கே முடிங்கன்னு சொன்னேன், குடுத்தப்புறம் அவங்க வந்தா பேச ஒன்னும் இருக்காது, குடுக்கறதுக்கு முன்னாடி வந்தா ராத்திரி பூரா உக்காந்து உங்கள கரைச்சுருவாங்க.

புள்ள பேர், போட்டோ, வீடு, ஸ்கூல் பேர் எதையும் வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. டீச்சர் குரூப்லயும் கூடாது. அடையாளம் தெரியற மாதிரி வெளியிடறது பிரிவு 23ல தனி குற்றம், "நியாயம் கேட்டுதான் போட்டேன்"னு சொன்னாலும் நிக்காது.

10. நம்ம கையும் நம்ம வாயும்

கல்வி உரிமை சட்டம் பிரிவு 17 அடிக்கறதையும் மனச நோகடிக்கறதையும் தடை பண்ணியிருக்கு. குச்சிய தூக்கி போட்டாச்சு, ஆனா மொட்ட வெயில்ல நிக்க வெக்கறது, சாதி பேர் சொல்லி கூப்பிடறது, ஒரு குறிப்பிட்ட தெரு புள்ளைங்கள மட்டும் கக்கூஸ் கழுவ சொல்றது இன்னும் அங்கங்க நடக்குது. இதுவும் பாதுகாப்புதான். உங்ககிட்ட அடி வாங்கின புள்ள இன்னொருத்தர் குடுக்கற தொந்தரவ உங்ககிட்ட வந்து சொல்லாது, அது நடக்கவே நடக்காது.

11. அப்புறம் வர்ற நாளுங்க

கம்ப்ளெய்ன்ட் குடுத்ததோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறாங்க. புள்ள திரும்பி கிளாஸுக்கு வர்ற நாளுதான் அதுக்கு பயமான நாள். பழைய எடத்துலயே, பழைய ஃப்ரெண்டு பக்கத்துலயே உக்கார வைங்க. விசேஷமா கவனிக்கறேன்னு தனியா உக்கார வெச்சா மத்த புள்ளைங்க கேள்வி கேக்கும். டிசி வாங்கிட்டு போங்கன்னு மறைமுகமாகூட சொல்லாதீங்க, ஸ்கூல விட்டு போக வேண்டியது அந்த புள்ள இல்ல.

வழக்கு நடக்கறப்ப கூடவே இருக்க துணை நபர் ஒருத்தர குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு குடுக்கலாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவச வக்கீல் கிடைப்பாங்க. கூலிக்கு போற குடும்பத்துக்கு இது யாரும் எடுத்து சொல்லலன்னா தெரியவே தெரியாது. கோர்ட் தேதிக்கு ஒரு நாள் கூலி போயிரும்னு பாட்டி போகாம விட்ருவாங்க, அதனால தேதிய நீங்களும் குறிச்சு வெச்சு முந்தின நாள் ஞாபகப்படுத்துங்க.

உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா அந்த நோட்ட சீல் வெச்ச கவர்ல அடுத்த பொறுப்பு டீச்சர் கையில குடுத்து கையெழுத்து வாங்குங்க, எந்த புள்ளைய கவனிச்சுட்டு இருந்தீங்கன்னு நேர்ல உக்காந்து சொல்லிட்டு அப்புறம் ரிலீவ் ஆகுங்க.